ஞாயிறு காலை ஒன்பது மணி

தோ பாயோ,
சிங்கப்பூர்.
புதன்கிழமை மாலை.

அன்புள்ள நெகேமியா அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எமீமாள் எழுதுவது. தேவனுடைய கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் நலம், அம்மாவின் வலது மணிக்கட்டு நீங்கலாக. கால்கரியில் நீயும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுகமாய் இருக்கவேண்டும் என்று எழுதச் சொல்கிறார். செப்டம்பரில் அங்கே பனி விழாது என்று சொல்லிப் பார்த்தேன், இருந்தாலும் எழுது என்றார். வீட்டில் மூன்று கைப்பேசியும் ஒரு டேப்லெட்டும் இருக்கும்போது எதற்குத் தபால்தலை ஒட்டிய கடிதம் என்று நீ கேட்பாய். உன்னிடம் ஒரு வரி சொல்லவேண்டும் என்று அம்மா மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக முயற்சி செய்தார். திரையில் உன் முகம் தெரிந்ததும் சொல்லவந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறார். ஒரு ஞாயிறு நான் அந்த வரியைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி டேப்லெட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன், அம்மா வாசித்தார், தலையாட்டினார், பிறகு தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று உன்னிடம் கேட்டார். குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றால், படித்த மறு நிமிடம் நீ கூப்பிடுவாய், உன் குரலைக் கேட்டால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்கிறார். கடிதத்துக்குக் குரல் இல்லை, அதனால் கடிதம். அந்த ஒரு வரி என்னவென்றால், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நீ இனிமேல் எங்களைக் கூப்பிடக்கூடாது. இதை முதல் பத்தியிலேயே எழுதுவாயா, பையன் மனசு உடைந்துபோகும், அடித்துவிடு என்று அம்மா இப்போது சொல்கிறார். ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன், கோட்டுக்குக் கீழே நன்றாகவே தெரியும்.

நீ இங்கிருந்தவரை நம் சபையில் தமிழ் ஆராதனை பதினொரு மணிக்கு. மே மாதத்திலிருந்து பெரிய கூடத்தில் கூரை வேலை நடப்பதால் சீனச் சபையாரும் நாமும் ஒரே மண்டபத்தைப் பங்கிட்டுக்கொள்கிறோம், நமக்குக் கிடைத்தது ஒன்பது மணி. நேரம் பார்த்து ஜூன் மாதம் உனக்குக் காற்றாலையில் வேலைமுறை மாறியது, இனிமேல் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குத்தான் நிதானமாகப் பேசமுடியும் என்றாய். உன் சனி மாலை ஏழு எங்கள் ஞாயிறு காலை ஒன்பது. அம்மா அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும், சரிப்பா என்று மட்டும் சொன்னார். நீ பாவம், ஒவ்வொரு வாரமும் கோயிலுக்கு நேரமாகவில்லையா என்று கேட்கிறாய், அம்மா பட்டுச்சேலையும் மல்லிகையுமாக உட்கார்ந்துகொண்டு இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார். அதைப் பொய் என்று மகள் எழுதக்கூடாது, ஆனால் நேரம் இருக்கவில்லை. முதலில் பேசிவிட்டு ஆங்கில ஆராதனைக்காவது போகலாம் என்றுதான் இருந்தார், பேச்சு பத்தரை, பதினொன்று என்று நீண்டதில் அதுவும் போயிற்று. மூன்றாம் வாரம் டேப்லெட் சரியாக வேலை செய்யவில்லை, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் வீட்டில் நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து அப்பா மட்டும் தனியாக ரயிலேறி, தோபி காட்டில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கிக் கோயிலுக்குப் போய்வருகிறார். இப்படிப் பதினான்கு ஞாயிறு. அம்மா யார் என்று உனக்குத் தெரியும், ஞாயிறுப் பள்ளியில் பத்துக் கட்டளைகளை விரல் மடக்கிச் சொல்லிக்கொடுப்பவர், என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம் என்று உனக்கும் எனக்கும் முதல் விரலை மடக்கியவர்.

நீ திரையின் அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாய், இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று நான் எழுதுகிறேன். ஞாயிறு ஏழு மணிக்கே அம்மா குளித்துவிடுவார். கூடத்துச் சின்ன மேசையைத் துடைத்து, கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுக்கும் பூவேலை விரிப்பை விரிப்பார். அதன்மேல் டேப்லெட். தாங்கி ஜூலையில் உடைந்துவிட்டதால் பின்னால் முட்டுக்கொடுக்க ஒரு கன்றுக்குட்டி நிற்கிறது. இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டி செய்து வணங்கிய பாடத்துக்காக அம்மா அட்டைப்பெட்டியில் செய்து சாக்லெட் தாள் ஒட்டியது அது, பாடம் எடுக்க அவர் போகாததால் அதுவும் போகவில்லை. முகம் பளிச்சென்று தெரியச் சிராங்கூன் சாலையில் வாங்கிய வட்ட விளக்கு ஒன்று எரியும். பிறகு அன்று சமைத்ததையெல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் எடுத்துத் திரைக்கு முன்னால் வரிசையாக வைப்பார், ஆப்பம், தேங்காய்ப்பால், மீன் குழம்பு, மிளகாய்ச் சம்பால், உனக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல். நீ ஒவ்வொன்றாகப் பார்த்து ஆகா சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு. ஒருமுறை நான் முன்னதாகவே ஓர் ஆப்பத்தை எடுத்துவிட்டேன், அண்ணன் இன்னும் பார்க்கவில்லை என்று கையில் ஓர் அடி விழுந்தது.

இது எதுவும் எங்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. போதகர் பிரபாகர் எங்கள் வாலிபர் வகுப்புக்குக் கைப்பேசியில் ஒரு வீட்டுப்பாடம் அனுப்பியிருந்தார், எது இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் நிம்மதி போய்விடுமோ அதைத் தேவனுடைய இடத்தில் வைத்திருக்கிறீர்களா என்று யோசித்து, ஒவ்வொருவருக்கும் ஒன்று எழுதுங்கள் என்று. அப்பாவுக்கு, கிராஞ்சி நாற்றுப்பண்ணையிலிருந்து கொண்டுவந்து வாசல் நடையில் வைத்திருக்கும் காகிதப்பூச் செடி என்று எழுதினேன், அவர் வேலை முடிந்து வந்ததும் எங்களுக்கு முன் அதனிடம்தான் பேசுகிறார். எனக்கு, நூலகப் புத்தகங்கள், ஒரே சமயம் பதினாறு, குடும்ப ஜெப வேளையில் மடியில் ஒன்று இருப்பதும் உண்டு, அதை இங்கே அறிக்கை செய்கிறேன். அம்மாவுக்கு நேராக அண்ணன் என்று எழுதினேன், பிறகு பயந்துபோய் அழித்துவிட்டுத் தேநீர் என்று எழுதினேன்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு விசாலாட்சி ஆன்ட்டி இரவலாக வாங்கிய இட்லித் தட்டைத் திருப்பிக்கொடுக்க வந்தார். மணி ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். நான் கதவைத் திறந்ததும் உள்ளே பார்த்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் ஓரமாக வந்து நின்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு அம்மாவிடம், "அக்கா, எங்க வீட்டு சாமி மேடைகூட இவ்ளோ சுத்தமா இருக்காதுலா. வெளக்கு இருக்கு, படையல் இருக்கு, நந்திகூட வெச்சிருக்கீங்க, மணி ஒண்ணுதான் இல்ல," என்றார். அந்த நேரம் பார்த்து டேப்லெட் மணியடித்தது. ஆன்ட்டி கேலி செய்யவில்லை அண்ணா, உண்மையாகவே மெச்சிக்கொண்டார், அதுதான் அம்மாவை அசைத்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஆன்ட்டி கொடுக்கும் பிரசாதத்தை அம்மா சிரித்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்லி, படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை என்று விளக்கியும் இருக்கிறார், ஆன்ட்டியும் மனம் கோணாமல் பழத்தை மட்டும் தனியாக வாங்கிவந்து கொடுப்பார். அவருக்கு முன்னால் வீட்டின் நடுவில் ஒன்பது கிண்ணம். அன்றைக்கு அம்மா உனக்கு எதையும் தூக்கிக் காட்டவில்லை, நீ நெட்வொர்க் சரியில்லையா என்று கேட்டாய், நினைவிருக்கிறதா. அழைப்பு முடிந்ததும் ஆன்ட்டி என் கன்னத்தைத் தட்டி, அம்மா சாமி கும்பிட்டால் நீதான் பூசாரியா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தச் சாப்பாட்டை அம்மா தொடவில்லை, நானும் தொடக்கூடாது என்றார். கோயிலிலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதைப்பற்றிப் பவுல் அப்போஸ்தலரே எழுதியிருக்கிறார், மனசாட்சி உறுத்தாதவன் சாப்பிடலாம் என்று சொல்லி ஒன்பது கிண்ணத்தையும் காலி செய்தார்.

கன்றுக்குட்டியை அன்றே குப்பையில் போட்டோம். டேப்லெட்டுக்கு முட்டாக மிளகாய்த்தூள் டப்பா வந்தது, அவ்வளவுதான் மாற்றம். உன்னிடம் சொல்லிவிடவேண்டும் என்று அம்மா முயன்ற மூன்று ஞாயிறும் இதற்குப் பிறகு வந்தவை. மூன்றாவதுதான் போன ஞாயிறு, அதோடு மணிக்கட்டும் வந்துவிட்டது. நடந்தது இதுதான். ஜூன் முதல் ஞாயிறு அம்மாவுக்கு உண்மையாகவே காய்ச்சல், அப்பா கோயிலில் அப்படியே சொன்னார். அடுத்த வாரமும் பெண்கள் ஐக்கியத் தலைவி கண்மணி அக்கா இன்னும் சுகமில்லையா என்று கேட்க, அப்பாவுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, அம்மாவைக் காட்டிக்கொடுக்கவும் வரவில்லை, கையை மேலே தூக்கிக் காட்டினார். மருத்துவர்கள் கைவிட்டு எல்லாம் ஆண்டவர் கையில் இருக்கிறது என்று கண்மணி அக்கா புரிந்துகொண்டார். பதினான்கு வாரமாக நோயாளிகளுக்கான ஜெபப் பட்டியலில் அம்மா பெயர்தான் முதலில். இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட அங்கமுத்து தாத்தா அம்மாவுக்குக் கீழே இருந்தார், அவர் குணமாகி நடந்தே கோயிலுக்கு வந்துவிட்டார், அம்மா பெயர் மட்டும் இறங்கவில்லை.

போன ஞாயிறு பதினொன்றரை மணிக்கு, நீ அப்போதுதான் அழைப்பை முடித்திருந்தாய், வாசலில் அழைப்புமணி. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன், கண்மணி அக்காவும் இன்னும் நான்கு பேரும், கையில் கஞ்சிக் குடுவை, ஆரஞ்சுப் பை. அவர்களுக்குப் பின்னால் அப்பா, முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. நான் அம்மாவிடம் சொன்னதும் அம்மா பட்டுச்சேலையோடு படுக்கையறைக்கு ஓடிக் கட்டிலில் பாய்ந்து போர்வையை இழுத்தார், அந்த வேகத்தில் வலது கை கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டது. சத்தம் எனக்குக் கேட்டது. ஐந்து பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அம்மாவுக்கு வலியில் வியர்த்துக் கொட்டியது, பாவம் எப்படி இளைத்துவிட்டாள் என்றார் ஒருவர், அம்மா மூன்று கிலோ கூடியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். போர்வை விளிம்பில் மல்லிகைச் சரம் தொங்கிக்கொண்டிருந்தது, அதை யாரும் பார்க்காதபடி நான் தலையணைப் பக்கம் நின்றுகொண்டேன். கண்மணி அக்கா கண்ணை மூடி, அம்மாவின் வலது கையையே பிடித்து அழுத்தி ஜெபிக்கத் தொடங்கினார். அம்மா ஐயோ என்று கத்தினார். ஜெபம் கேட்கப்படுகிறது என்று நினைத்து அவர்கள் இன்னும் உரக்க ஜெபித்தார்கள், அக்கா இன்னும் இறுக்கமாகப் பிடித்தார்.

ஆமென் வரும்வரை அம்மா பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டார், போர்வை நழுவியது, சேலை தெரிந்தது. "அக்கா, ஜெபத்த நிறுத்துங்க. எனக்கு ஒரு நோயும் இல்ல. பையன் கூப்பிடுவான்னு வீட்டுலயே உக்காந்திருந்தேன், பதினாலு வாரமா," என்றார். அப்பா சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்மணி அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன், அவர் அம்மாவின் வீங்கிய மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலில் டாக்டரிடம் போகலாம், மனந்திரும்புவதை வழியில் செய்துகொள்ளலாம் என்றார். ஐந்து பேரும் சேர்ந்தே மருந்தகத்துக்கு வந்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், மூன்று வாரம் கட்டு. எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்டார், எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காத்திருந்த நேரத்தில் கஞ்சியைக் கண்மணி அக்காவே குடித்துவிட்டார்.

அன்று மாலை அம்மா கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். திட்டவில்லை, ஆனால் ஒன்று சொன்னார், நீ அவனிடம் சாப்பிட்டாயா என்று இந்தப் பதினான்கு வாரத்தில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாய், அங்கே கோயிலுக்குப் போகிறாயா என்று ஒரு தடவை கேட்கவில்லை, இங்கே நீயே போகாமல் எப்படிக் கேட்பாய் என்று. பிறகு அம்மா சொன்னதை நான் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை, இப்போது எழுதுகிறேன். ஒன்பது மணி வேண்டாம் என்று சொன்னால் நீ வேறு நேரம் கேட்பாய் என்று அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆகும், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு பிறந்தநாளுக்கு ஒரு பூப்படம் அனுப்புவாய். அவனை விட்டுக்கொடுத்தால் திரும்ப வருவானா என்று தெரியவில்லையே என்றார். அவனை யார் விடச் சொன்னது, மணியைத்தான் விடச் சொல்கிறேன் என்றார் அப்பா. இரண்டும் ஒன்றுதான் என்று அம்மா அழுதார். இதை ஏன் எழுதினாய் என்று இப்போது கேட்கிறார், நான் அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மற்ற செய்திகள். மின்தூக்கி புதிதாக மாற்றியிருக்கிறார்கள், நம் மாடியில் நிற்கும்போது தமிழிலும் சொன்னால் நன்றாயிருக்கும் என்பது என் கருத்து. நம் சபைச் சுதா அக்காவுக்கு டிசம்பரில் திருமணம், மாப்பிள்ளை காத்தோங்கில் பல் மருத்துவர், அம்மா இடக்கையால் முறுக்கு பிழியப் பழகுகிறார், வருவது முறுக்கு வடிவத்தில் இல்லை. எனக்குத் தமிழ்க் கட்டுரையில் நல்ல மதிப்பெண், கணிதத்தைப் பற்றி அம்மா எழுதச் சொன்னார், இடம் போதாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோற்றை மறுநாளும் சூடாக்கிச் சாப்பிடாதே என்கிறார், காற்றாலைமேல் ஏறும்போது இடுப்புக் கயிற்றின் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்கிறார், அங்குள்ள தமிழ்க் கடையில் நல்லெண்ணெய் கிடைக்கிறதா என்று கேட்கிறார். இப்படி முக்கால் மணி நேரமாக அந்த வரிக்கு வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறார் அண்ணா, என் கையும் வலிக்கிறது.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துசேர இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் இரண்டு ஞாயிறு வந்துவிடும், நீ வழக்கம்போல் ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாய். அம்மா இதை யோசிக்கவே இல்லை, கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது, அப்படியானால் அந்த இரண்டு வாரம் மட்டும் அழைப்பை எடுக்கலாமே, பாவம் பிள்ளைக்குத் தெரியாதே என்றார். சமையலறையிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் டேப்லெட்டையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, இனிமேல் நான் சொல்வதை உன் புத்தகத் தமிழாக மாற்றாமல் அப்படியே எழுது என்றார். எழுதுகிறேன்.

"நெகி, இந்த ஞாயித்துக்கெழமையும் அடுத்த ஞாயித்துக்கெழமையும் நீ கூப்பிடுறப்ப யாரும் எடுக்க மாட்டோம். பயப்படாத, யாருக்கும் ஒண்ணும் ஆகல, நாங்க கோயில்ல இருக்கோம். சனிக்கெழமையே எமீமா உனக்கு ஒரு வரி அனுப்பிருவா, எல்லாரும் நல்லா இருக்கோம், லெட்டர் வருதுன்னு. நீ உடனே கூப்பிட்டாலும் அப்பாதான் எடுப்பாரு, எங்கிட்ட குடுக்க மாட்டாரு, நான்தான் அப்படிச் சொல்லி வெச்சிருக்கேன். ஒம்பது மணி உனக்குக் குடுக்க என்னோடது இல்லப்பா. அது நான் முன்னாடியே ஆண்டவருக்குக் குடுத்தது, அதத் திருப்பி எடுத்து உனக்குக் குடுத்தேன், தப்பு என்னோடது. வேற நேரம் கெடச்சா கூப்பிடு. கெடைக்கலன்னா அம்மாவ நெனச்சுக்க. நீ எனக்குப் பிள்ளையா இருந்தா, ஒரு வாரம் கூப்பிடலன்னா திட்டிட்டு அடுத்த வாரம் வரைக்கும் காத்திருப்பேன். உன்ன நான் சாமியா வெச்சுட்டா, ஒரு வாரம் கூப்பிடலன்னா எனக்கு ஒண்ணுமே மிஞ்சாது. எனக்குப் பிள்ளை வேணும். அங்க நீ கோயிலுக்குப் போறியா இல்லையான்னு எனக்குப் பதில் எழுத வேணாம். இதுவரைக்கும் நான் கேக்காம விட்டது உன் பதிலுக்குப் பயந்துதான். இனிமே கேட்டுக்கிட்டே இருப்பேன்."

இதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு சொல்லையும் அடிக்கச் சொல்லவில்லை.

ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் கர்த்தருடைய கை உன்மேல் இருக்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறார்கள். குளிர்காலச் சட்டையை இப்போதே வாங்கிவிடு, கழுத்து மூடியதாக இருக்கட்டும். சம்பால் வேண்டுமானால் சொல், அனுப்புகிறோம், காட்டுவதற்கில்லை, சாப்பிடுவதற்கு.

அம்மா உறையை இப்போதே ஒட்டச் சொல்கிறார், அஞ்சல் பெட்டிக்கு அவரே வருகிறாராம், போடும்போது தன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்.

என்றும் உன் அன்புள்ள
அம்மா

(எழுதியவள்: எமீமாள்)